இருட்டு வீதியும் மங்கல் லைற்றும்

எங்கள் தலைமுறைப் பெண்கள் வெளிச்சத்துக்குப் பயந்து வாழப் பழகியவர்கள். இப்போது இருபது வயதில் இருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். 1990ஆம் ஆண்டிலிருந்து பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் சின்னச் சுடரில்தான் பரீட்சைக்குப் படித்தோம். வானத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் அதையும் அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். வெளிச்சம் தெரிந்த இடத்தில்தான் வெடி விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

சைக்கிள் டைனமோவுக்கும் அந்தக் காலத்தில் வேறு வேலை வந்தது. பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டோம். வீதிக்கு வெளிச்சம் தருவதற்கென்று செய்த பொருள் வீட்டுக்குள் போய்விட்டது. பழையபடி அது சைக்கிளுக்குத் திரும்பி வரவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் வேலைக்குப் போய்வரும் பெண்களின் சைக்கிள்களில் எத்தனையில் லைற் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

என் அப்பா யாழ்ப்பாண நகரில் ஏ 40 கார் ஒன்று வைத்து வாடகைக்கு ஓடியவர். பெற்றோல் இல்லாத நாட்களில் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார். அந்தக் காரின் லைற்றை நான் மறக்கவில்லை. ஓடும்போது ஓரளவுக்கு எரியும். சந்தியில் மெதுவாக்கினால் மெழுகுதிரி போல மங்கிவிடும். அந்தப் பழைய கார்களில் இருந்த டைனமோ, எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் போதிய மின்சாரம் தரும் என்று அப்பா விளங்கப்படுத்துவார். பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா முணுமுணுப்பா. அப்பா கேட்டதில்லை. ஸ்பனரை என் கையில் தந்து, பிடி என்பார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்தக் காரும் சனத்துக்குள் ஊர்ந்தது. மழை. வீதி முழுக்கத் தலைகள். லைற் போட்டால் மேலேயிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும். போடாவிட்டால் காலுக்குள் இருக்கும் குழந்தை தெரியாது. "போட்டாலும் சனத்துக்கு ஆபத்து, போடாட்டியும் சனத்துக்கு ஆபத்து" என்று சொல்லிவிட்டு, அப்பா என்னை இறங்கி முன்னால் நடக்கச் சொன்னார். ரோச் லைற்றைக் கையால் பொத்தி, விரலிடுக்கால் நிலத்துக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு நடந்தேன். கார் எனக்குப் பின்னால் வந்தது. தென்மராட்சியில் அந்தக் காரை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிறகு வன்னி.

இன்று நான் விசுவமடுவில் ஒரு பழைய ஜப்பான் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். கணவரை 2009இல் இழந்தேன். கனடாவில் இருக்கும் தம்பி கொஞ்சம் காசு தந்தான், மிச்சத்தை நான் சீட்டுப் பிடித்துச் சேர்த்தேன். பகலில் ஆண்களின் ஓட்டோக்களும் வான்களும் நிறைய நிற்கின்றன. இரவில்தான் என்னைத் தேடுவார்கள். பிரசவ வலி வந்த பிள்ளையைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கொழும்புப் பஸ்ஸுக்குத் தனியாகப் போகும் பெண்ணைச் சந்தியில் விட வேண்டும், இரவு வேலை முடிந்து வரும் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். "அன்ரி எண்டாப் பயமில்லை" என்று தாய்மார் சொல்லி அனுப்புவார்கள். அவர்களுடைய பயம் வேறு. என்னுடைய பயம் வீதியைப் பற்றியது.

போருக்குள் நாங்கள் இரவில் நெடுந்தூரம் வாகனம் ஓட்டிப் பழகவேயில்லை. 2002இல் ஏ 9 வீதி திறந்தபோதும் மாலையானால் ஓமந்தையையும் முகமாலையையும் மூடிவிடுவார்கள். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் மூடப்பட்டது. போர் முடிந்த பிறகுதான் வீதிகள் காப்பெற் ஆகின, இரவு பகல் என்றில்லாமல் வாகனங்கள் பறக்கத் தொடங்கின. கிடங்கும் பள்ளமுமாக இருந்த காலத்தில் இருபது கிலோமீற்றர் வேகத்தில் போன ஆட்கள் இப்போது அறுபது, எழுபதில் போகிறார்கள். வேகம் மூன்று மடங்கு கூடியது. காரின் முன் லைற் கூடவில்லை. பல வாகனங்களில் குறைந்துதான் போயிருக்கிறது.

போன மாரியில் எங்கள் பக்கத்து வளவு அக்கா வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ஒரு கார் பின்னால் வந்து அடித்தது. மாலை ஏழு மணி இருக்கும். மழை மூட்டம். கறுப்புப் பாவாடையும் கடும் நீலச் சட்டையும் போட்டிருந்தா. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. காரோட்டிய பெடியன் பொலிஸில் அழுதழுது சொன்னது ஒரே சொல்தான். "தெரியேல்லை ஐயா, எனக்குத் தெரியேல்லை."

அந்தக் காரை நான் பார்த்தேன். ஒரு பக்க லைற்றின் மூடி தேத்தண்ணிச் சாயம் பிடித்த கிளாஸ் போல மஞ்சளாக இருந்தது. மற்றப் பக்கம் அதைவிட மோசம், வெண்புகார் படிந்து உள்ளே பல்பு இருப்பதே தெரியவில்லை. பெடியன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. குடித்திருந்தான், போனில் கதைத்தான் என்றால் திட்டித் தீர்த்திருக்கலாம். இது பல மாதமாக, பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிய லைற். ஒரேயடியாக அணைந்தால் அன்றைக்கே திருத்துவார்கள். மெல்ல மங்கும்போது கண் அதற்குப் பழகிவிடுகிறது.

செத்த வீட்டில் வேறொரு கதையும் கேட்டது. "பொம்பிளை அந்த நேரத்தில தனிய ஏன் வந்தவ?" இதைக் கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவ வேலை முடிந்து வந்தவ. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற வேலை. ஏழு மணிக்கு வீதியில் நிற்பது குற்றம் என்றால் எங்களில் பாதிப்பேர் குற்றவாளிகள்தான். காரின் மூடியைத் துடைத்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் இருட்டியதும் என் காரைக் கொண்டுபோய்ச் சனசமூக நிலையச் சுவருக்கு முன்னால் நிறுத்தி லைற்றைப் போட்டேன். வலப்பக்க வட்டம் வெள்ளையாக விழுந்தது. இடப்பக்கம் மஞ்சளித்து, ஓரம் கலங்கித் தெரிந்தது. சகோதரிகளே, வாகனம் வைத்திருப்பவர்கள் யாரென்றாலும் இதைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை. வீட்டில் கணவரோ மகனோ ஓட்டுகிறார்கள் என்றால் நீங்கள் போய் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமா, ஒரே உயரமா, ஒரே பிரகாசமா என்று பார்க்கக் கண் இருந்தால் போதும்.

கராஜில் இருந்த தம்பி பார்த்தவுடனேயே சொன்னான்: "அன்ரி, ரெண்டு பல்பையும் கழட்டிப்போட்டு எல்.ஈ.டி. போடுவம். பகல் மாதிரி இருக்கும்." விலையையும் சொன்னான். அப்பா என் காதுக்குள் இருந்து கதைத்தார் என்று நினைக்கிறேன். "முதல்ல மீற்றரை வைச்சுப் பாருங்கோ தம்பி" என்றேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற் காட்டியது. அதே நேரம் இடப்பக்கப் பல்பின் பிளக்கில் வைத்துப் பார்த்தால் 11.7 தான்.

இரண்டு வோல்ற்தானே என்று தோன்றும். ஆனால் சாதாரண ஹலஜன் பல்பின் சுபாவம் அப்படியில்லை. வோல்ற் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். என் காரில் இழந்தது ஐந்தில் இரண்டு பங்கு. தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் பாசி அடைத்தால் முனையில் சொட்டுச் சொட்டாகத்தானே வரும். அது போலத்தான். மின்சாரம் பல்புக்குப் போகவும் வேண்டும், திரும்பிப் பற்றரிக்கு வரவும் வேண்டும். திரும்பி வரும் பாதையை எர்த் என்பார்கள். அந்த வயர் காரின் இரும்பில் ஓர் ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். என் காரில் அந்த ஆணியைச் சுற்றித் துரு. வயரின் முனையில் பச்சை பூத்திருந்தது. கழற்றி, அரத்தாளால் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, கொஞ்சம் கிறீஸ் பூசி இறுக்கினோம். அரை மணி நேர வேலை. லைற் எழும்பியது. பழைய பல்பு பழைய பல்பாகவே இருக்க, வெளிச்சம் மட்டும் புதிதாக வந்தது.

பழைய கார்களில் இன்னொரு குறையும் உண்டு. பற்றரியிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் ஸ்ரேறிங் பக்கத்தில் இருக்கும் சுவிச்சுக்குள் போய், பிறகு லைற்றுக்கு வரும். மெல்லிய வயரில் நீண்ட பயணம். றிலே என்ற சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டினால் பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயரில் லைற்றுக்கு மின்சாரம் போகும். சுவிச்சுக்கும் ஆயுள் கூடும். இதைத் தெரிந்த வயரிங்காரரிடம் செய்விக்க வேண்டும். பியூஸ் இல்லாமல் வயரை இழுத்துக் கட்டினால் தீப்பிடிக்கும்.

எல்.ஈ.டி. விசயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் எல்லாரும் இதற்குத்தான் ஓடுகிறார்கள். எல்.ஈ.டி. கெட்டதில்லை. தொழிற்சாலையிலேயே அதற்கென்று செய்த லைற் என்றால் மிக நல்லது. ஆனால் ஹலஜன் பல்புக்கென்று செய்த கிண்ணத்துக்குள் கடையில் விற்கும் எல்.ஈ.டி.யைச் செருகினால் வெளிச்சம் புறப்படும் இடம் மாறிவிடுகிறது. கிண்ணம் அதை வீதிக்கு அனுப்பாமல் நாலு பக்கமும் சிதறடிக்கும். ஓட்டுகிறவருக்குக் காருக்கு முன்னால் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், சந்தோசமாக இருக்கும். தூரத்தில் ஒன்றும் தெரியாது. எதிரே வருபவருக்குக் கண் குருடாகும். கண் கூசினால் பழைய பார்வை திரும்பச் சில செக்கன்கள் வேண்டும். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குப் பதினேழு மீற்றர் போகிறது. மூன்று செக்கன் கண் தெரியாமல் போனால் ஐம்பது மீற்றர். அந்த ஐம்பது மீற்றருக்குள் யாரும் நடந்து போகக்கூடாது என்று பிரார்த்திக்கத்தான் முடியும். தன் வெளிச்சத்துக்காக மற்றவரைக் குருடாக்குவதை நான் சுயநலம் என்றுதான் சொல்வேன்.

இனி அந்த மஞ்சள் மூடி. முந்திய கார்களில் லைற்றின் மூடி கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. பிறகு வந்தவற்றில் பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக். அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. எங்கள் வெயிலில் அது சில வருடங்களில் உரிந்துவிடும். பிறகு வெயிலே பிளாஸ்ரிக்கைத் தின்னத் தொடங்கும். அமெரிக்காவில் வாகன ஓட்டிகளின் சங்கம் ஒன்று 2018இல் இதை அளந்து பார்த்தது. மங்கிய மூடியுள்ள லைற்றிலிருந்து, தாழ்த்திய நிலையில், புதிய லைற் தரும் வெளிச்சத்தில் 22 வீதம்தான் வந்ததாம். ஐந்தில் ஒரு பங்கு! எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்கள் இன்னும் பழசாகின. இப்போதும் புதிதாக வாங்க எங்களில் யாருக்கு முடியும்? வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பார்ப்பது புகையை மட்டும். லைற்றை நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பற்பசையால் தேய்த்தால் மூடி மினுங்கும் என்று சொல்வார்கள். மினுங்கும், உண்மைதான். சில கிழமைகளில் பழையபடி மஞ்சளாகிவிடும். நுளம்பு எண்ணெய் பூசுவதையும் கண்டிருக்கிறேன். அது பிளாஸ்ரிக்கை உருக்கித்தான் தெளிவாக்குகிறது, பிறகு வெடிப்பு விழும். சரியான முறை தண்ணீர் விட்டு வோட்டர் பேப்பரால் தேய்ப்பது. முதலில் 800, பிறகு 1500, கடைசியில் 2000 இலக்கத் தாள். அதன்பின் பொலிஷ். முடிவில் வெயிலைத் தாங்கும் தெளிந்த பூச்சு ஒன்று கட்டாயம் அடிக்க வேண்டும். பூச்சு இல்லாவிட்டால் பட்ட பாடு வீண். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து இதைச் செய்தோம். தேய்க்கத் தொடங்கியதும் மூடி இன்னும் வெள்ளையாகக் கலங்கும். மகள் பயந்துவிட்டாள், "அம்மா, பழுதாக்கிப் போட்டம்" என்றாள். பயப்படத் தேவையில்லை, 2000 தாளுக்குப் பிறகு தெளியத் தொடங்கும். மூடிக்கு உள்ளே கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சே கறுத்திருந்தால் மட்டும் எந்தத் தேய்ப்பும் உதவாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

மூடி தெளிந்த பிறகு லைற்றின் குறியைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் கூடினாலும் அது மரக்கிளைக்குப் போனால் யாருக்கு லாபம்? சமதரையில் சுவருக்கு 10 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தினால், தாழ்த்திய லைற்றின் மேல் விளிம்பு லைற் இருக்கும் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அது பிழையல்ல. நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால், வீதியோரம் நடப்பவரைக் காட்டவும் எதிரே வருபவரின் கண்ணில் படாமல் இருக்கவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஜப்பானிலும் இடப்பக்கம் ஓடுவதால் அங்கிருந்து வந்த கார்களின் லைற் எங்களுக்குப் பொருந்தும். பின் சீற்றில் மூன்று பேரையும் டிக்கியில் நெல்மூட்டையையும் ஏற்றினால் காரின் மூக்கு நிமிர்ந்து வெளிச்சமும் மேலே போய்விடும். சில கார்களில் அதைத் தாழ்த்தச் சின்னச் சக்கரம் ஒன்று ஸ்ரேறிங் அருகில் உண்டு. பத்து வருடமாக ஓட்டியும் அது எதற்கென்று தெரியாத ஆண்களைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் தாழ்த்திய லைற் தரும் தூரம் ஐம்பது, அறுபது மீற்றர்தான். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றைக் கண்டு, மூளைக்கு விளங்கி, கால் பிறேக்குக்குப் போய், கார் நிற்கும்போது அந்தத் தூரம் முடிந்துவிடும். ஈர வீதி என்றால் அதுவும் போதாது. நாற்பதில் வந்தால் முப்பது மீற்றருக்குள் நிற்கலாம். ஆகவே பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் நான் நாற்பதுக்கு மேல் போவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், முந்தும்போது திட்டுவார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி "பொம்பிளையள் ஓட்டினா இப்பிடித்தான்" என்றுகூடச் சொன்னார். சொல்லட்டும்.

அந்த வீதியைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பகல் வெயிலில் சூடான தாரில் இரவு மாடுகள் வந்து படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த தார். அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயும், அதைச் சுற்றி வைத்த கல்லுகள் நெல் அள்ளிய பிறகும் கிடக்கும். எல்லாவற்றிலும் மோசம் லான்ட்மாஸ்ரர். முன்னால் ஒரு சின்ன லைற், பின்பெட்டியில் ஒன்றுமே இல்லை. நெல்லோ விறகோ ஏற்றிக்கொண்டு பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் போகும். பெட்டிக்குமேல் இரண்டு பெண்கள் இருப்பார்கள். கூலி வேலை முடிந்து வருகிறவர்கள்.

எதிரே பெரிய லைற் வந்தால் நான் அதைப் பார்ப்பதில்லை. வேகத்தைக் குறைத்து, வீதியின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுவேன். இது அப்பா சொன்னது. வெள்ளைக் கோடு இல்லாத வீதியில் புல் விளிம்பைப் பார்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு இருட்டில் எதிர் லைற்றைச் சுற்றி வட்டம் தெரியத் தொடங்கியதும் கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். புரை இன்னும் பிடிக்கவில்லை, கண்ணாடியின் பவர்தான் மாற வேண்டும் என்றார்கள். நீரிழிவு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் காட்ட வேண்டும். மாலைக்கண் இருந்தால் சத்துக் குறையா வேறு நோயா என்று வைத்தியர் பார்த்துச் சொல்வார். முகாமில் மாதக்கணக்காகக் கீரையைக் காணாமல் இருந்த எங்களுக்கு முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசியின் அருமையை யாரும் சொல்லத் தேவையில்லை. இரவில் ஓட்டுவதற்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள், வாங்காதீர்கள். 2019இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் அதைப் போட்டவர்களுக்கு வீதியில் நடப்பவர் கூடுதலாகத் தெரியவில்லை என்று கண்டார்கள். இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்கும் கண்ணாடியால் எப்படிக் கூடத் தெரியும்?

இவ்வளவும் ஓட்டுகிறவரின் பொறுப்பு. அதை நடப்பவரின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எல்லாரும் லைற்றைத் திருத்தும்வரை நாங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே. கறுப்பு உடுப்புப் போட்டவர் தாழ்த்திய லைற்றில் இருபத்தைந்து, முப்பது மீற்றருக்குள் வந்தால்தான் தெரிவார். வெள்ளை உடுப்பென்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரத்தில் தெரிவார். ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டி ஒரு சாண் இருந்தால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே மினுங்கும்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இரவில் வெள்ளையாக ஏதாவது போடுங்கோ என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தங்கச்சி, என்னைப் போலக் கணவரை இழந்தவள், எழும்பிச் சொன்னாள்: "அக்கா, இந்த வெள்ளையைக் கழட்டத்தான் நான் ஆறு வருசம் சண்டை பிடிச்சனான். திரும்பப் போடச் சொல்லாதேங்கோ." கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. துணையை இழந்தவள் நிறம் உடுத்தக்கூடாது என்று சொன்ன ஊரில் சிவப்புச் சட்டை போட அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். வீதிப் பாதுகாப்பு என்ற பெயரில் அதே வெள்ளையை நான் கொண்டுபோய் நீட்ட முடியாது.

ஆகவே பட்டிக்குப் போனோம். லொறிகளின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒட்டுவார்களே, அந்தப் பட்டி. ஹாட்வெயார் கடையில் சுருளாக விற்கிறது. சங்கக் காசில் ஒரு சுருள் வாங்கி வெட்டினோம். சைக்கிளின் பின் மட்காட்டில் ஒரு துண்டு, இரண்டு பெடலிலும் ஒவ்வொன்று, சாப்பாட்டுப் பையில் ஒன்று. பெடலில் ஒட்டுவதுதான் மிகவும் நல்லது. மேலும் கீழும் ஆடும் மினுக்கத்தைக் கண்டால் சைக்கிள் வருகிறது என்று ஓட்டுகிறவருக்கு உடனே விளங்கும். ஒருவருக்கு வந்த செலவு ஒரு இறாத்தல் பாணின் விலையும் இல்லை. உடுப்பின் நிறம் அவரவர் விருப்பம்.

நடந்து போகிறவர்கள் வாகனத்தை எதிர்நோக்கி, வலப்பக்க ஓரத்தால் போக வேண்டும் என்பதையும் கூட்டத்தில் சொன்னேன். பின்னால் வருவதை நாங்கள் காண மாட்டோம், முன்னால் வருவதென்றால் வரம்புக்கு இறங்கவாவது நேரம் கிடைக்கும். போன் லைற்றைப் பிடித்துக்கொண்டு போனால் நிலத்தை நோக்கிப் பிடியுங்கள். ஓட்டுகிறவரின் முகத்துக்கு அடிக்காதீர்கள். சைக்கிள்காரர் வழமைபோல இடப்பக்கம்தான். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது வீதி விளக்குகள் இருந்த சந்திகளும் இருண்டு கிடந்தன. எங்கள் குறுக்கு வீதிகளுக்கு அது வித்தியாசமே இல்லை, அங்கே எப்போதும் அப்படித்தான்.

இரவு வாடகைக்கு இப்போது கொஞ்சம் கூட வாங்குகிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் பல்பு, வயர், பூச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று மறைக்காமல் சொல்கிறேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் வேறு வண்டிக்குப் போனார். பிரசவத்துக்கு மட்டும் கூட வாங்குவதில்லை. பக்கத்து வளவு அக்காவின் மூத்த பிள்ளை இப்போது மாலை வகுப்பு முடிந்து அதே சைக்கிளில்தான் வருகிறாள். பின் மட்காட் நெளிந்துதான் இருக்கிறது, அதன்மேலேயே பட்டியை ஒட்டியிருக்கிறோம். என் கார் லைற்றில் அது சந்திக்கு அப்பாலிருந்தே தெரிகிறது.

சுருளில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. லான்ட்மாஸ்ரர் வைத்திருக்கும் ஆட்களிடம்தான் இனிப் போக வேண்டும். பெட்டியின் பெயின்ற் பழுதாகும் என்று இரண்டு பேர் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். காலபோக அறுவடை தொடங்குவதற்கு முன்னால் அவர்களின் மனைவிமாரைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். பெட்டிக்குமேல் இருந்து வருகிறவர்கள் அவர்கள்தானே.